இலைக்கு அடியில்

— விஷம், செட்டா. விஷம்! இதுக்கு மேல உனக்கு என்ன அத்தாட்சி வேணும்? கண்ணைத் திறந்து பாரு. நாலு தொட்டி, நாலும் மஞ்சக்காமாலை வந்தவன் மாதிரி நிக்குது. இலை பூரா புள்ளி புள்ளியா. போன வாரம் எப்படி இருந்துச்சு தெரியுமா? தொட்டா கையில பச்சை ஒட்டும்.

— முதல்ல என்னை மூச்சு விட விடுண்ணே. உன் மாடிப்படியில ஏறுறதுக்குக் கோயில் மணிக்கூண்டுல ஏறிடலாம். தக்காளிக் கூடையெல்லாம் வண்டியில பாதி, தரையில பாதி. அப்படியே போட்டுட்டு ஓடி வர்றேன். போன்ல நீ கத்துன கத்துல யாரோ செத்துட்டாங்கன்னு என் வீட்டுக்காரன் தொப்பியைக் கழட்டிட்டான்.

— செத்துட்டுத்தான் இருக்கு. இந்தா, என் கண்ணு முன்னாடி.

— கஞ்சாச் செடி! அதுக்கா இந்தக் கூப்பாடு? ஸ்பிரு அண்ணே, நீ மறுபடி முதுகைப் பிடிச்சுகிட்டு விழுந்துட்டியோன்னு நினைச்சேன்.

— ஏன், கஞ்சாச் செடின்னா உனக்கு இளக்காரமா? நம்ம தீவுல சட்டப்படி நாலு செடி நான் வச்சுக்கலாம். தெருவுல போறவன் கண்ணுல படக் கூடாது, படல. வாசனை அடுத்தவன் வீட்டுக்குப் போகக் கூடாது...

— அது போகுது. ரொட்டிக் கடை முக்குலயே என்னை வந்து கூப்பிட்டுச்சு.

— சிரி, சிரி. கல்குவாரியில முதுகை ஒடிச்சுக்கிட்டவன் நீயா நானா? டாக்டர் குடுத்த மாத்திரை என் வயித்தைத்தான் ஓட்டை போட்டுச்சு. ராத்திரி கொஞ்சம் கண்ணு அசரணும்னா எனக்கு இது வேணும். வருஷத்துக்கு ஒரு தடவை வச்சு, ஒரு தடவை அறுக்கறேன். இதுல ஒருத்தன் வந்து விஷம் அடிச்சிட்டுப் போவான், நான் உன்கூட நின்னு சிரிக்கணுமா?

— ஒருத்தன்னா யாரு?

— வேற எவன்? சுவத்துக்கு அந்தப் பக்கம் குடியிருக்கானே, நம்ம தங்கச்சி தெக்லாவுக்கு மோதிரம் மாட்டுன மகராசன். வென்சு!

— அட போண்ணே.

— போண்ணேவாம்! என் கண்ணால பார்த்தேன்டி. விடியக்காலைல படிக்கதவைத் திறக்கறேன். சுவர் மேல பாதி உடம்பைப் போட்டுத் தொங்குறான். கையில தெளிக்கிற பாட்டில். புஸ்ஸு புஸ்ஸுன்னு என் செடி மேல அடிக்கிறான். என்னைப் பார்த்ததும் தலை உள்ள போயிருச்சு, ஆமை மாதிரி. நல்ல காரியம் பண்றவன் ஏன் ஒளியணும்? சொல்லு. ஏன் ஒளியணும்?

— என்ன தெளிக்கிறன்னு கேட்டியா?

— அவன்கூட நான் பேசறது கிடையாது.

— அதான் ஊருக்கே தெரியுமே. ஈஸ்டர்லேருந்து பேச்சில்ல. திருவிழாவுக்கு வாசிக்கிறதுல நீ ஒரு பேண்டு கிளப்பு, அவன் எதிர் பேண்டு கிளப்பு. சரி, அதுவாவது இந்த ஊரு வழக்கம். இது அதில்ல. ஏதோ ஒரு அதிகாரி வந்து உன் மாடியை எட்டிப் பார்த்துட்டாருன்னு...

— ஏதோ ஒரு அதிகாரியா? தானா வந்தாரா அவரு? யாரோ எழுதிப் போடாம வருவாரா? வந்துட்டுப் போன மறுநாளே இந்தத் துரை சுவத்தை ரெண்டு வரிசை உசத்திக் கட்டுறான். என் வெயிலை மறைக்கறதுக்குன்னே. வயிறு எரியுதுடி எனக்கு.

— எரியட்டும், அப்புறம் அணைச்சுக்கலாம். என் கண்ணாடி எங்க? இப்பத்தானே வச்சிருந்தேன்.

— தலை மேல இருக்கு.

— ம். தள்ளு. வெளிச்சத்தை மறைக்காத. முதல்ல எந்த இலை மஞ்சளாச்சு? மேல உள்ளதா, கீழ உள்ளதா?

— கீழ.

— கீழ ஆரம்பிச்சு?

— மேல ஏறிருச்சு. விஷம் தலைக்கு ஏறுற மாதிரி.

— விஷத்தை அவன் சுவத்து மேலேருந்து அடிச்சான்ற. அப்படின்னா மேல உள்ள குருத்துதானே முதல்ல கருகணும்? அடி இலைக்கு மட்டும் பார்த்துப் பார்த்து ஊட்டி விட்டானா?

— உனக்கு எல்லாம் விளையாட்டு.

— விளையாடல. என் பிளாஸ்டிக் கொட்டகைக்குள்ள முப்பது வரிசை தக்காளி நிக்குது. ஒரு இலை நிறம் மாறுனா அன்னைக்குச் சோறு இறங்காது எனக்கு. கேளு. இந்த இலையப் பாரு. நரம்பு பச்சையாத்தான் இருக்கு. நரம்புக்கு நடுவுல மட்டும் மஞ்சள். விஷம் நரம்பு பார்த்து ஒதுங்கிப் போகுமா?

— அது ஒரு மாதிரி விஷமா இருக்கும். இப்ப என்னென்னமோ விக்கிறான்.

— தலைக்கு மேல அது என்னது?

— எது?

— அந்தக் கொப்பு. அவங்க முற்றத்து எலுமிச்ச மரம்தானே? உன் சுவத்தைத் தாண்டி உன் தொட்டி மேலயே சாஞ்சு நிக்குது. அதுல ஒரு இலையாவது வாடியிருக்கா? விஷத்தைத் தெளிச்சவன் தன் மரத்து மேலயும் சேர்த்தா தெளிச்சான்? தெளிச்சும் அது இப்படிப் பளபளன்னு இருக்கா?

— இருக்கட்டும், இருக்கட்டும். அது எத்தனை நாளைக்குப் பளபளன்னு இருக்குன்னு பார்ப்போம்.

— அப்படின்னா?

— ஒண்ணுமில்ல. நீ செடியைப் பாரு.

— வெள்ளைக் காகிதம் ஏதாவது இருக்கா?

— எதுக்கு?

— குடுண்ணே, எல்லாத்துக்கும் எதுக்கு எதுக்குன்னுட்டு. இது என்ன, உன் சட்டைப் பையில? திருவிழா நிகழ்ச்சி நிரலா? பின்பக்கம் வெறுமையாத்தான் இருக்கு. இதைப் பிடி. இலைக்கு அடியில பிடி. நேரா. ஏன் அந்த எலுமிச்சையையே பார்த்துகிட்டு இருக்க?

— சும்மாதான் பார்த்தேன்.

— சரி, ஆட்டாத. இப்ப நான் இலையைச் சுண்டுறேன். இந்தா. இந்தா. என்ன விழுந்துச்சு?

— தூசி. தெற்குக் காத்து ஒரு வாரமா மண்ணை வாரிக் கொட்டுது, தூசி விழாம தங்கமா விழும்?

— உத்துப் பாரு.

— தூசிதான்ங்கறேன்.

— உன் தூசி நடந்து போகுதுண்ணே.

— என்னது?

— பாரு. இந்தப் புள்ளி ஓரத்துக்குப் போகுது. இது திரும்பி வருது. இப்ப விரலால ஒரு தேய் தேய்க்கறேன். பார்த்தியா, காவிக் கோடு? செம்பேன். தெற்குக் காத்து, வெயில், வறட்சி. இதுங்களுக்குக் கல்யாண சீசன் இப்பதான். இலைக்கு அடியில உக்காந்துகிட்டு ஊசி குத்திச் சாறு உறிஞ்சும். குத்துன இடமெல்லாம் மேல வெள்ளைப் புள்ளி. அதான் உன் புள்ளி. இலையைத் திருப்பிப் பாரு. நூலாம்படை. ஒரு தடவையாவது இலையைத் திருப்பிப் பார்த்தியா நீ?

— பேன் இருக்கலாம். பேனும் இருக்கலாம், விஷமும் இருக்கலாம். பேன் இருந்தா விஷம் வச்சவன் யோக்கியன் ஆயிருவானா?

— புள்ளிக்குப் பேன். மஞ்சளுக்கு வேற ஒண்ணு இருக்கு. தொட்டி விளிம்பைப் பாரு. வெள்ளையாப் பொருக்குத் தட்டியிருக்கு. என்னது இது?

— எனக்கென்ன தெரியும். சுண்ணாம்பா இருக்கும்.

— நாக்குல வச்சுப் பாரு.

— நீ வை.

— வச்சுட்டேன். உப்பு. இலை நுனி பூரா பழுப்பாக் கருகியிருக்கே, அதுவும் இதுதான். என்ன தண்ணி ஊத்துற இதுக்கு?

— தண்ணின்னா தண்ணி.

— எந்தத் தண்ணிண்ணே?

— குழாய்த் தண்ணி.

— குழாய்த் தண்ணியா! கடல் தண்ணியைப் பிழிஞ்சு, உப்புப் பாதி எடுத்துட்டுப் பாதி விட்டுட்டு அனுப்புறாங்களே, அந்தத் தண்ணியா? அதை என் தக்காளிக்கு ஊத்துனா என் வீட்டுக்காரன் என்னைத் தூக்கிக் கடல்ல ஊத்திருவான். கறுப்புத் தொட்டி வேற. மத்தியானம் கையை வச்சா கொதிக்கும். அதுக்குள்ள வேரு வெந்துகிட்டு இருக்கு. நீ மேல மேல உப்பைப் போட்டுக் குழம்பு வைக்கற.

— உரமும் போட்டேன். கடையில நல்ல உரமாத்தான் குடுத்தான். மஞ்சளானதும் இன்னும் ரெண்டு மூடி கூடப் போட்டேன்.

— போட்டியா? ரொம்ப நல்லது. சாகப் போறவன் வாயில இன்னும் ரெண்டு கரண்டி. ஏண்ணே, கீழ அப்பா கிணறு இருக்கு. மாடியில பெய்யற மழை பூரா இறங்குற கிணறு, தண்ணி சக்கரை மாதிரி. போன வருஷம் வரைக்கும் அதைத்தானே ஊத்துன? போன வருஷம் செடி என் உசரம் நின்னுச்சே?

— அந்தக் கிணத்துல அவனும் இறைக்கறான்.

— இறைக்கட்டுமே. அப்பா ரெண்டு வீட்டுக்கும் பொதுன்னுதானே விட்டுட்டுப் போனாரு? கிணறு ஒண்ணு, இந்த முற்றத்துல ஒரு வாய், அந்த முற்றத்துல ஒரு வாய்.

— அவன் வாளி முங்குற தண்ணியில நான் வாளி போட மாட்டேன்னு ஈஸ்டர் அன்னைக்கே சொல்லிட்டேன். சொன்னா சொன்னதுதான்.

— ஆக, அவன் மேல உள்ள கோவத்துல நல்ல தண்ணியை விட்டுட்டு உப்புத் தண்ணியை ஊத்தி உன் செடியை நீயே கொன்னுகிட்டிருக்க. அதுக்கு விஷம் வச்சான்னு அவன் பேரைப் போட்டுட்ட. அட ஸ்பிரு! அட என் புத்திசாலி அண்ணா!

— வாயை அடக்கிப் பேசு.

— அடக்க மாட்டேன். ஊர் பூரா என்ன சொல்லி வச்சிருக்க? பேண்டு கிளப்புல என்ன பேசுன? சுவத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பாம்பு குடியிருக்குன்னு நீ சொன்னது என் கொட்டகை வரைக்கும் வந்துச்சு. அந்தப் பாம்பு யாரு புருஷன்? நம்ம கடைசித் தங்கச்சி புருஷன்.

— விஷம்தான் இது! நீ ஆயிரம் சொல்லு. உப்புங்கற, பேனுங்கற, நரம்புங்கற. என் கண்ணு பொய் சொல்லுமா? பாட்டிலை நான் பார்த்தேன். விஷமாத்தான் இருக்கணும்!

— இருக்கணுமா? கேட்டுக்கோ உன் பேச்சை. செடி பிழைக்கும்னு சொல்றேன், உன் மூஞ்சி ஏன் இப்படிச் சுண்டிப் போகுது? விஷமா இருந்தா நல்லாருக்கும்னு ஆசைப்படுற மாதிரில்ல இருக்கு.

— எனக்கென்ன ஆசை...

— வேர்த்துக் கொட்டுது உனக்கு. தொப்பியைப் போடு. ஒண்ணும் பெருசா இல்ல. தொட்டியை நிழலுக்கு நகர்த்தணும். சோப்புக் கரைச்சு இலைக்கு அடியில அடிக்கணும். உப்பு போற வரைக்கும் நல்ல தண்ணியை ஊத்தி ஊத்தி அடியில வடிய விடணும். அப்புறமா மஞ்சளுக்கு, வயித்தைக் கழுவக் குடிக்கிற பேதி உப்பு இருக்கே, அது வேற உப்பு, அதுல ஒரு சிட்டிகை. வாளியைக் குடு, கிணத்துல இறைச்சுட்டு வர்றேன்.

— வேண்டாம்.

— அப்பா கிணறுதாண்ணே.

— வேண்டாம்னு சொல்றேன்ல! வாளியைக் கீழ வை! அந்தக் கிணத்துப் பக்கம் போகாத நீ!

— மாதாவே! என்ன கத்து கத்துற? கையை விடு, வலிக்குது. உன் வீம்பு உன்கூட. நான் எந்தச் சத்தியமும் பண்ணல. என் வாளி எங்க வேணா முங்கும்.

— செட்டா, சொன்னாக் கேளு. கிணத்துத் தண்ணி வேண்டாம். கடையில பாட்டில் தண்ணி வாங்கி ஊத்திக்கறேன். பெட்டி பெட்டியா வாங்கறேன். போதுமா?

— கஞ்சாவுக்குப் பாட்டில் தண்ணி! இவரு பெரிய கப்பல் முதலாளி. இரு. இது என்ன?

— எது?

— சுவத்தோரத் தொட்டி. இதுல பேனைக் காணோமே. கீழ இலை மஞ்சள்தான், உப்பு இதுலயும் இருக்கு. ஆனா புள்ளி பழசு. புதுக்குருத்துல ஒரு புள்ளி இல்ல. திருப்பிப் பாரு, அடியில சுத்தமாத் துடைச்ச மாதிரி இருக்கு. இது மட்டும் எப்படி?

— அதுக்கு இன்னும் விஷம் ஏறலையோ என்னவோ.

— அவனுக்குக் கைக்கெட்டுற தொட்டியே இது ஒண்ணுதான். விஷம் அடிச்சிருந்தா இதுதானே முதல்ல சாகணும்? மோந்து பாரு.

— நான் எதுக்கு மோந்து...

— மோந்து பாருங்கறேன்!

— சோப்பு வாசனை.

— துணி துவைக்கிற பச்சை சோப்பு. ஆலிவ் எண்ணெய் சோப்பு. நம்ம தெக்லா காய்ச்சுற சோப்பு. வென்சு! ஏ வென்சு!

— கூப்பிடாத அவனை!

— கூப்பிடுவேன். வென்சு! மாடியில இருக்கியா மாப்ள? எட்டிப் பாரு!

— செட்டா, உன் கால்ல விழறேன், இன்னைக்கு வேண்டாம். நாளைக்குப் பேசிக்கலாம்.

— இன்னைக்கே பேசலாம். வந்துட்டான். வா வென்சு. ஏணியில ஏறியா நிக்கிற? சுவத்தை உசத்தி நீயே மாட்டிக்கிட்ட பாரு.

— சொல்லுங்க மதினி. உங்க சத்தம் கேட்டுத்தான் வந்தேன். உங்கண்ணன் சத்தமும் கேட்டுச்சு. அது திருவிழா வேட்டு மாதிரி, தினமும் கேக்கறதுதான்.

— மாப்ள, நேரா கேக்கறேன். இந்தச் செடி மேல நீ என்னத்தைத் தெளிக்கிற?

— யாரு கேக்கறா? நீங்களா, உங்கண்ணனா?

— நான்தான்.

— அப்படின்னா சொல்றேன். சோப்புத் தண்ணி. இலைக்கு அடியில செம்பேன். ஆரம்பத்துலயே பார்த்துட்டேன். கை எட்டுனது ஒரு தொட்டிக்குத்தான். மத்ததுக்கு எட்டல, எட்டியிருந்தா அதுக்கும் அடிச்சிருப்பேன். அவ்வளவுதான். நான் வரட்டுமா?

— ஏன் ஒளிஞ்சான்னு கேளு, செட்டா!

— ஏன் ஒளிஞ்ச மாப்ள?

— உங்கண்ணன் கையில இரும்புக் கம்பி இருந்துச்சுன்னு சொல்லுங்க. கம்பியோட ஓடி வர்றவரைப் பார்த்து நான் என்ன, காலை வணக்கமா சொல்லுவேன்?

— யோக்கியன் மாதிரி பேசறான் பாரு! அதிகாரிக்கு எழுதிப் போட்டது யாரு? அதைக் கேளு! வெயிலை மறைச்சுச் சுவர் கட்டுனது யாரு? அதையும் கேளு!

— நானே சொல்றேன். எதுத்தாப்ல மாடியை வாடகைக்கு விடறானே, அங்க தங்க வந்த சுற்றுலாக்காரங்க, வாசனை தாங்கலன்னு எழுதிப் போட்டாங்க. அதிகாரி உங்க வீட்டுக்கு மட்டும் வரல. என் மாடியிலயும் ஏறிப் பார்த்தாரு. இங்கேருந்து செடி தெரியுது, கோயில் படியிலேருந்தும் தெரியுது, பிடுங்கிருவேன்னாரு. மறைச்சிட்டா விட்டுருவீங்களான்னு கேட்டேன். விட்டுர்றேன்னாரு. மறுநாள் கல்லு வாங்கி மறைச்சேன். நாள் பூரா வெயில்ல நின்னு கட்டுனேன். உங்கண்ணன் கீழ நின்னுகிட்டு என் செத்துப் போன அப்பாவைத் திட்டிக்கிட்டு இருந்தாரு.

— இதை ஏன்யா நீ முன்னாடியே சொல்லல?

— சொல்ல விட்டாரா மதினி? கதவைத் தட்டுனேன். மூஞ்சியில சாத்துனாரு. தெக்லா வந்து தட்டுனா. கூடப் பொறந்தவ. அவளுக்கும் திறக்கல. பாம்போட படுக்கறவளுக்கு என் வீட்ல வேலை இல்லன்னு ஜன்னல் வழியாச் சொன்னாரு. அன்னைக்கு அவ அழுத அழுகை இருக்கே, நான் மறக்க மாட்டேன். நான் நல்லவன்னு சொல்ல வரல. நானும் திட்டியிருக்கேன். உன் செடி பட்டுப் போகன்னு கிளப்பு வாசல்ல நின்னு சொன்னவன்தான் நான்.

— அப்புறம் எதுக்குய்யா சோப்பு அடிச்ச?

— உங்கண்ணனுக்காக அடிக்கல. அவரு முதுகு எனக்கென்ன? அவ கைக்காக. உங்களுக்குத் தெரியுமே, தெக்லா விரல் முட்டெல்லாம் வீங்கிக் கோணிகிட்டு இருக்கு. முந்தி உங்கண்ணன் இந்தப் பூவை ஆலிவ் எண்ணெயில ஊறப் போட்டுக் கொடுப்பாரு. தடவுனா அவளால பொத்தான் போட முடியும். ஈஸ்டரோட அது நின்னு போச்சு. இப்பக் கோப்பையை ரெண்டு கையாலதான் பிடிக்கறா. செடி செத்தா அடுத்த வருஷமும் எண்ணெய் இல்ல. என்னைக்காவது உங்கண்ணன் மனசு மாறுனா அன்னைக்குச் செடியாவது இருக்கட்டுமேன்னா. காலைல நீ போயி அடி, அவரு முழிக்கறதுக்குள்ள அடின்னு அவதான் அனுப்புவா. சோப்பும் அவதான் கரைச்சுக் கொடுப்பா.

— கேட்டியா? ஸ்பிரு அண்ணே, காதுல விழுந்துச்சா? இப்பப் பேசு. எங்க போச்சு உன் விஷம்? கத்துனியே, இப்பக் கத்து!

— என்னை விடு செட்டா.

— விட மாட்டேன். என்கிட்ட கத்தத் தெரிஞ்ச வாயால மாப்ளகிட்ட ஒரு வார்த்தை சொல்லு. எனக்கே அவமானமா இருக்கு. அம்மா இருந்திருந்தா உன்னைச் செருப்பால அடிச்சிருப்பா.

— விடுங்க மதினி. அவரு வாயால நல்ல வார்த்தை வரும்னு நான் ஏணியில நிக்கல. தெக்லாதான் கூட்டிட்டு வரச் சொன்னா. உங்க குரல் கேட்டதும் காபிக்கு அடுப்பைப் பத்த வச்சுட்டா. கோப்பை நாலு எடுத்து வச்சிருக்கா. நாலு எதுக்குடின்னேன். அக்கா வந்திருக்கா, எப்படியும் அவரைக் காதைப் பிடிச்சுக் கூட்டிட்டு வருவான்னா. வர்றதா இருந்தா வரச் சொல்லுங்க. நான் ஒண்ணும் பேச மாட்டேன்.

— எந்திரிண்ணே. தொட்டியை அப்புறம் நகர்த்திக்கலாம். முகத்தைக் கழுவிட்டு வா.

— மாப்ள.

— பாருங்க மதினி. கூப்பிட்டுட்டாரு.

— மாப்ள, நீங்க ரெண்டு பேரும் பாட்டில் தண்ணிதானே குடிக்கறீங்க? நான் பார்த்தேனே. கடையிலேருந்து பெட்டி பெட்டியாத் தோள்ல வச்சுத் தூக்கிட்டுப் போறியே. கிணத்துத் தண்ணி செடிக்கு மட்டும்தானே? எலுமிச்சைக்கு மட்டும்தானே?

— இது என்ன கேள்வி மச்சான்? பாட்டில் எனக்கு. சிறுநீரகத்துல கல்லுன்னு டாக்டர் வாங்கிக் குடிக்கச் சொன்னாரு. அவளா? ஒரு வாய் தொட மாட்டா. பிளாஸ்டிக் நாத்தம் அடிக்குதாம். எங்கப்பா வெட்டுன கிணறு இருக்கையில நான் எதுக்குடா கடைத் தண்ணி குடிக்கணும்பா. இன்னைய வரைக்கும் அவளுக்குக் காபின்னா கிணத்துத் தண்ணிதான்.

— அண்ணே? என்ன பண்ணுது? நெஞ்சு வலிக்குதா? ஏன் சுவத்தைப் பிடிக்கற?

— கொதிச்சிருச்சா?

— என்னது கொதிச்சிருச்சா?

— காபி! ஊத்திட்டாளா? ஓடு மாப்ள, என்னைப் பார்த்துகிட்டு நிக்காத, இறங்கி ஓடு! தெக்லா! ஏ தெக்லா! கோப்பையை வாயில வைக்காதடி, கீழ போடு! உங்க மரம் பட்டுப் போகட்டும்னு காலைல அந்தக் கிணத்துல களைக்கொல்லியை ஊத்திட்டேன்டி, என் கையால!